வீட்டுக்குச் சான்று கேட்கும் நகரம், பட்டாவுக்குக் காத்திருக்கும் குடியிருப்பு

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில், குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட மனையில் விதிகளை மீறிக் கடைகள் கட்டப்பட்டது தொடர்பான வழக்கு அது. அந்த ஒரு கட்டடத்தோடு நிற்காமல், நாடு முழுமைக்கும் பொருந்தும் கட்டளைகளை நீதிமன்றம் பிறப்பித்தது. நிறைவுச் சான்றிதழ் பெற்ற பிறகே கட்டடத்தை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும்; மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளைச் சான்றிதழைக் கண்ட பிறகே வழங்க வேண்டும்; கட்டடத்தை ஈடாகக் கொண்டு கடன் தரும் வங்கிகளும் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும் என்பன அவற்றுள் சில.

விதிமீறிக் கட்டிப் பணம் குவிப்போரைக் கட்டுப்படுத்த இத்தகைய கட்டளைகள் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. தீ விபத்திலும் கட்டட இடிபாட்டிலும் முதலில் உயிரிழப்பவர்கள் உழைக்கும் மக்களே. ஆயினும் ஜெயங்கொண்டம் போன்ற ஒரு சிறு நகராட்சியில், பட்டியல் சாதி மக்கள் வாழும் தெருவில் நின்று இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போது வேறொரு கேள்வி எழுகிறது. வீட்டுக்குச் சான்று கேட்கும் அரசு, அந்த வீடு நிற்கும் மண்ணுக்குச் சான்று கொடுத்திருக்கிறதா?

விதி சொல்வது என்ன?

தமிழ்நாட்டில் கட்டடங்களை நெறிப்படுத்துவது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஆகும். வரைபட அனுமதியின்படி கட்டடம் கட்டப்பட்டுள்ளதா என்று பார்த்து நிறைவுச் சான்றிதழ் வழங்க இவ்விதிகள் வழிசெய்கின்றன. சிறிய வீடுகளுக்குத் தொடக்கத்திலிருந்தே இதில் விலக்கு உண்டு. 2024 ஜூலை 22 அன்று சுயசான்று முறையும் தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்டுவோர் இணையவழியில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். இவ்வீடுகளுக்கும் நிறைவுச் சான்றிதழ் தேவையில்லை.

ஏழைகளின் வீடுகள் பெரும்பாலும் இந்த அளவுகளுக்குள்ளேயே அடங்கும். எனவே சிக்கல் எதுவும் இல்லை என்று தோன்றலாம். ஆனால் இந்த விலக்கு, வரைபட அனுமதி பெற்ற வீட்டுக்கு உரியது. அனுமதிக்கான விண்ணப்பத்துடன் உரிமை ஆவணத்தையும் பட்டாவையும் இணைக்க வேண்டும். பட்டா இல்லையெனில் அனுமதி இல்லை. அனுமதி இல்லாத வீட்டுக்கு எந்த விலக்கும் இல்லை. சட்டத்தின் பார்வையில் அது அங்கீகாரமற்ற கட்டடம். விதி தளர்த்தப்பட்டிருப்பது கடைசிப் படியில். நம் மக்கள் தடுத்து நிறுத்தப்படுவது முதற்படியில்.

வீட்டு வரி ரசீது இருக்கிறதே என்று பலர் நம்பிக்கையுடன் கூறுவதுண்டு. வரி செலுத்தியதற்கு அது சான்று. நில உரிமைக்கு அது சான்றாகாது. பல ஆண்டுகள் வரி கட்டியவரையும் ஆக்கிரமிப்பாளர் என்று அழைக்க அந்த ரசீது தடையாக இருப்பதில்லை.

பட்டா ஏன் இல்லை?

இதற்கான விடை நிலத்தின் வரலாற்றில் உள்ளது. ஜெயங்கொண்டம் வட்டாரம் பழைய உடையார்பாளையம் ஜமீன் பகுதியைச் சேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி ரயத்துவாரி பட்டா, நிலத்தின் மீது குடியானவருக்கான உரிமை கொண்டவருக்கே வழங்கப்பட்டது. அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்தவர் அந்த வரையறைக்குள் வரவில்லை. சாதி வகுத்த எல்லைப்படி ஊருக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் நிலவுடைமையாளரின் புன்செய் மூலையிலும் அவர் குடிசை போட்டார். அவர் எங்கே வாழலாம் என்பதை ஊர் முடிவு செய்தது. அவ்வாறு வாழ்ந்ததையே பின்னாளில் அரசு குற்றமாகப் பதிவு செய்தது.

இந்த அநீதியைச் சரிசெய்யச் சட்டங்கள் வராமல் இல்லை. 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு அனுபவதாரர் உரிமை வழங்கல் சட்டம், அவ்வாண்டு ஜூன் 19 அன்று பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளருக்கு அந்தக் குடியிருப்பையே உரிமையாக்கியது. 1978ஆம் ஆண்டின் 31ஆம் எண் சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் கையகப்படுத்தும் நடைமுறையை எளிதாக்கியது. இதன்வழி மாநிலமெங்கும் வீட்டுமனைகள் ஒப்படைக்கப்பட்டன. கிராம நத்தம் அரசுக்குச் சொந்தமான நிலம் அல்ல என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் தெளிவுபடுத்தியுள்ளது.

சட்டத்தில் உள்ள உரிமை வருவாய்க் கணக்கில் ஏறாதபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. தாத்தாவின் பெயரில் தரப்பட்ட ஒப்படைப்பு ஆணை பேரன் கையில் மங்கிப்போன தாளாக இருக்கும். கிராமக் கணக்கில் அந்தப் புல எண் உட்பிரிவு செய்யப்படாமல் பழைய நில உரிமையாளர் பெயரிலேயே நீடிக்கும். தாளில் மனை எண் இருக்கும். தரையில் அளந்து கல் நட்டிருக்க மாட்டார்கள். வாரிசுகள் மூன்று குடும்பமாகப் பெருகியிருப்பார்கள்; பட்டா ஒன்றாகவே இருக்கும். இணையத்தில் தேடினால் பெயர் வராது. பெயர் வராத இடத்தில் வரைபட அனுமதி, வங்கிக் கடன், அரசின் வீட்டு வசதித் திட்ட மானியம் என எதுவும் வராது.

ஜெயங்கொண்டத்துக்கு இப்போது ஏன் முக்கியம்?

தாள் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வேறுபாட்டை இந்த வட்டாரம் ஏற்கெனவே கண்டது. 1990களின் பிற்பகுதியில் பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டத்துக்காக டிட்கோ நிறுவனம் இங்குள்ள கிராமங்களில் 8,000 ஏக்கருக்கும் மேல் நிலம் கையகப்படுத்தியது. பட்டாதாரர்கள் கூடுதல் இழப்பீடு கோரி நீதிமன்றம் சென்றனர். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. திட்டம் நிறைவேறவில்லை, நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தரும் நிலை வந்தது. இழப்பீடும் திரும்ப வரும் நிலமும் பட்டாவைத் தேடியே செல்லும். அந்த வயல்களில் உழைத்து வாழ்ந்த கூலித் தொழிலாளருக்கு, காட்டுவதற்குத் தாள் எதுவும் இல்லை.

இப்போது மற்றொரு மாற்றம் தொடங்கியுள்ளது. 2024 நவம்பர் 15 அன்று ஜெயங்கொண்டம் சிப்காட்டில் 1,000 கோடி ரூபாய் முதலீட்டில், 15,000 பேருக்கு வேலை தரும் என்று அறிவிக்கப்பட்ட காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தொழிற்சாலை வந்தால் வாடகை வீடும் கடையும் தேவைப்படும். மனை விலை ஏறும். பட்டா உள்ளவர் கடன் பெற்று மாடி எழுப்புவார். பட்டா இல்லாதவர் தன் வீட்டிலேயே விருந்தாளிபோல் அஞ்சி வாழ்வார். விலை ஏறும் நிலத்தில் சான்றில்லாத வீடே முதலில் கண்ணை உறுத்தும்.

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், 15 நாள் முன்னறிவிப்பின்றி எந்தக் கட்டடத்தையும் இடிக்கக் கூடாது என்றது. ஆனால் சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றும் கூறியது. ஏரிக்கரைக்குத் தள்ளப்பட்டவர்களின் பிள்ளைகள் இந்த விதிவிலக்குக்குள்தான் வாழ்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

மக்கள் தரப்பில், ஒப்படைப்பு ஆணை, நத்தம் பட்டா, வாரிசுச் சான்று, பழைய வரி ரசீது, மின்கட்டண அட்டை ஆகியவற்றைத் தெருவாரியாகத் தொகுக்க வேண்டும். புல எண்ணுக்குரிய பதிவேட்டு நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி பெறலாம். ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் ஜமாபந்தியில் தனித்தனியாக அல்லாமல், ஒரே தெருவாகத் திரண்டு உட்பிரிவு கோரி மனு அளித்து ஒப்புகைச் சீட்டு பெறுவது நல்லது. மின் இணைப்பு மறுக்கப்பட்டால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவை எடுத்துக்காட்டலாம். உரிமையாளர் மட்டுமன்றி, குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் இணைப்பு வழங்க வேண்டும் என்கிறது அப்பிரிவு.

அரசு தரப்பில், 1978 சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்ட ஒவ்வொரு மனைப்பிரிவையும் வருவாய்த் துறையும் ஆதிதிராவிடர் நலத் துறையும் இணைந்து அளந்து, தற்போது வாழும் வாரிசுகள் பெயரில் உட்பிரிவு செய்ய வேண்டும். அதுவரை ஒப்படைப்பு ஆணையையே வரைபட அனுமதிக்குப் போதிய ஆவணமாக நகராட்சிகள் ஏற்க வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கில் வாழ்வோருக்கு, அவர்கள் வேலை செய்யும் ஊரிலேயே மாற்று மனையும் பட்டாவும் அளித்த பிறகே அகற்றும் நடவடிக்கை தொடங்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. நில அளவரும் வட்டாட்சியரும் ஏற்கெனவே உள்ள ஆணைகளைத் தரையில் நிறைவேற்றினால் போதும். தன் கடனை முடிக்காத அரசு, குடிமக்களிடம் நிறைவுச் சான்று கேட்பது முறையாகாது.