வெள்ளிப் படலம் வாங்குமுன்...

செல்போன் உதிரிபாகமும் தொடுதிரையும் விற்கும் நம்மில் பலருக்கு, திரைக் கண்ணாடியில் படிந்துள்ள மெல்லிய படலம் கண்ணில் படுவதில்லை. ஒளியை உள்ளே விடவேண்டும், மின்சாரத்தையும் கடத்தவேண்டும். இந்த இரட்டை வேலையைப் பெரும்பாலும் இண்டியமும் வெள்ளீயமும் கலந்த ஆக்சைடு செய்கிறது. அது வளைத்தால் விரிசல் விடும். இண்டியமோ துத்தநாகச் சுத்திகரிப்பில் கிடைக்கும் உபபொருள், வரத்து குறைவு. ஆகவே வெள்ளித் துகளும் வெள்ளி இழையும் சேர்த்த படலங்கள் வந்துள்ளன.

வெள்ளியை மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்காகப் பொடித்தால் அதன் குணமே மாறுகிறது. அத்துகள்கள் ஊதா ஒளியை விழுங்குவதால் படலம் மஞ்சளாகத் தெரியும். தங்கத் துகள் பச்சை ஒளியை விழுங்கிச் சிவப்பாகக் காட்டும். 1857இல் லண்டனில் மைக்கேல் பாரடே இதை ஆராய்ந்தார்; 1908இல் குஸ்டாவ் மீ கணக்கிட்டு விளக்கினார்.

துகள்கள் விலகி நின்றால் மின்சாரம் பாயாது. நெருக்கிப் போட்டால் ஒளி குறைந்து, மங்கல் தட்டும். நீண்ட இழைகளோ குறைந்த வெள்ளியிலேயே ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்.

எனவே 'ஒளி 90 சதவீதம்' என்ற ஒரு வார்த்தையை நம்பிக் கொள்முதல் செய்யவேண்டாம். மின்தடை எவ்வளவு, மங்கல் எவ்வளவு என்று எழுத்தில் கேட்போம். மாதிரியை வெள்ளைத்தாள் மீது வைத்து நிறம் பார்ப்போம். சரக்கு செய்தவர் யாரோ, பில் போட்டவர் நாம். வாடிக்கையாளர் திரும்பி வருவது நம் கடை வாசலுக்குத்தான்.