செஸ் பலகையில் கணினி தேடுகிறது, மனிதன் அறிகிறான்

"ஹஜ்ரத், மெஷின்தான் எப்பவும் ஜெயிக்குது. அப்படின்னா மனுஷனைவிட அதுக்கு அறிவு அதிகமா?" கைபேசியில் செஸ் ஆடும் பிள்ளைகள் இப்படிக் கேட்கும்போது பல பெற்றோர்களிடம் பதில் இருப்பதில்லை.

செஸ் ஆடலாமா என்பது தனி விஷயம். சூது கலக்காமல், தொழுகை தவறாமல் ஆடினால் ஷாஃபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ். மற்ற மத்ஹபுகளின் நிலைப்பாடு இதைவிடக் கடுமையானது. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பிள்ளை கேட்டது அறிவைப் பற்றி.

ஆட்டத்தின் தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 நகர்த்தல்கள் சாத்தியம், கறுப்புக்கும் 20. ஆளுக்கு இரண்டு முறை நகர்த்துவதற்குள் 1,97,281 வழிகள் பிரிந்துவிடுகின்றன. இந்தக் காட்டுக்குள் கணினி பாதை பாதையாக ஓடிப் பார்க்கிறது. 1997 மே மாதம் நியூயார்க்கில் உலக சாம்பியன் காஸ்பரோவை 3.5-2.5 என்று வென்ற ஐபிஎம் நிறுவனத்தின் 'டீப் புளூ', நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்தது. இருபது ஆண்டுகள் கழித்து வந்த 'ஆல்ஃபாசீரோ' அவ்வளவு நிலைகளைப் பார்க்கவில்லை. விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, தனக்குத் தானே கோடிக்கணக்கான ஆட்டங்களை ஆடி, எந்த நிலை நல்லது என்று கணிக்கப் பழகியது. எந்த மனிதனுக்கும் அத்தனை ஆட்டம் ஆட ஆயுள் போதாது.

மனிதன் வேறு விதமாக ஆடுகிறான். 1973-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சேஸ், சைமன் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டத்தின் நிலையை ஐந்து நொடி காட்டினால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப வைத்துவிடுகிறார். காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்தாலோ, அவரும் புதியவரைப் போலவே தடுமாறுகிறார். அவர் தனித்தனிக் காய்களைப் பார்ப்பதில்லை. அவற்றுக்கு இடையிலான உறவைப் பார்க்கிறார். தாபிஈ ஸயீத் பின் ஜுபைர் (ரஹ்) பலகைக்கு முதுகைக் காட்டியபடியே சதுரங்கம் ஆடுவார் என்று அறிவிக்கப்படுகிறது. பலகையை மனதில் நிறுத்தும் இந்த ஆற்றல் புதிதல்ல.

ஆனால் மனிதன் களைப்பான், பயப்படுவான். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலக சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-வது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களின் திரையில் இருந்த கணினி அந்தத் தவறை உடனே காட்டிவிட்டது. எதிரே இருந்த 18 வயதுச் சென்னைப் பிள்ளை குகேஷுக்கு அந்த உதவி இல்லை. தானே கண்டுபிடித்துத்தான் வென்றார். வென்றதும் அழுதார். கணினிக்கு அந்த அழுகை கிடையாது. தான் ஆடுகிறோம் என்பதே அதற்குத் தெரியாது. அதற்கு நிய்யத் இல்லை, கேள்வி கணக்கும் இல்லை.

அந்தக் குகேஷையே அவருடைய பயிற்சியாளர் ஆரம்ப ஆண்டுகளில் செஸ் எஞ்சின் பக்கம் விடாமல் சொந்தமாகச் சிந்திக்கப் பழக்கினார். நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. ஆட்டம் முடிந்த நொடியில் பிள்ளை எஞ்சினைத் திறக்கிறான்; எது தவறு என்று அது சிவப்பில் காட்டுகிறது, ஏன் தவறு என்று அவன் யோசிப்பதே இல்லை. திறப்பதற்கு முன், "இந்தக் காயை ஏன் நகர்த்தினாய்?" என்று வாப்பாவோ உம்மாவோ கேட்கலாம். அதற்குச் செஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆன்லைனில் எதிராளிக்குத் தெரியாமல் எஞ்சினைப் பார்த்து ஆடுவதைச் சில பிள்ளைகள் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். பிடிபட்டால் கணக்கை மூடிவிடுவார்கள் என்பது சிறிய விஷயம். எதிரில் இருப்பவர் தன்னோடு ஒரு மனிதர் ஆடுகிறார் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறார். அவரை ஏமாற்றுவது மோசடி என்பதைப் பிள்ளைக்கு வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்.