புயலில் பிரிந்த கட்டுமரம்

‘கட்டுமரம்’ என்பது தமிழ்ச் சொல். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி, 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று பிற நாடுகளில் இரண்டு உடல்களை இணைத்துக் கட்டும் பாய்க்கப்பலுக்கும் இப்பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். உண்மையான கட்டுமரத்துக்கோ ‘உடல்’ என்று ஒன்று கிடையாது. சில மரங்களையும் ஒரு கயிற்றையும் தவிர அதில் வேறொன்றுமில்லை. கடற்கரைக் குப்பத்திலிருந்து பள்ளிக்கு வரும் எங்களுக்கே இது ஒழுங்காகத் தெரிந்தது, ஒரு கட்டுமரம் புயலில் பிரிந்துபோன பிறகுதான்.

2022 டிசம்பர் 9-ஆம் நாள் நள்ளிரவில் ‘மாண்டஸ்’ புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. நாங்கள் அப்போது எட்டாம் வகுப்பு. எங்களுள் ஒருத்தியின் தாத்தா (எங்கள் எல்லோருக்குமே அவர் தாத்தாதான்) ஐந்து மரங்கள் கொண்ட கட்டுமரம் ஒன்று வைத்திருந்தார். வழக்கம்போல் அதைப் பிரித்து, மரங்களை அடுக்கி, ஒரே கயிற்றால் ஒரு சவுக்கு மரத்தில் கட்டியிருந்தார். விடிந்து போய்ப் பார்த்தால் சவுக்கு மரமே சாய்ந்து கிடந்தது. கட்டுமரத்தைக் காணோம்.

இரண்டு மரங்கள் குப்பத்துக்குப் பின்னால் முள் புதரில் சிக்கியிருந்தன. அவற்றுள் ஒன்று நடுமரம். மூன்றாவது, தெற்கே மூன்று குப்பங்கள் தள்ளிக் கரையொதுங்கியது. வாடைக் காலத்தில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுவதால் தாத்தா அந்தப் பக்கமே தேடிப் போனார். ஒவ்வொருவர் மரத்திலும் வாச்சி பட்ட தழும்பும் கயிற்றுக் காடியும் ஒவ்வொரு விதமாக இருக்குமாம்; அதைக் கண்டே தம்முடையது என்று காட்டினார். எடுத்து வைத்திருந்தவர்களும் மறு பேச்சின்றிக் கொடுத்துவிட்டார்கள். ‘குட்டி யானை’ என்று எல்லோரும் சொல்லும் சிறு லாரியில் மரம் வீடு வந்து சேர்ந்தது. நான்காவது மரம் பதினொரு நாள் கழித்து முகத்துவாரச் சேற்றில் கிடைத்தது. ஐந்தாவது கிடைக்கவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். புயல் சேதத்தைக் கணக்கெடுக்க வருபவர்கள், படகுகளை ‘முழுச் சேதம்’, ‘பகுதிச் சேதம்’ என்று பிரித்து எழுதுவார்கள். முழுச் சேதத்துக்கு உதவித்தொகை அதிகம். மூன்று மரங்கள் மட்டுமே கைக்கு வந்திருந்த சமயம் அது. “பேசாம இருந்துடு, பெரியவரே” என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். “முழுசாப் போனதுன்னு நான் எப்படிச் சொல்றது? பாதி மரம் என் வாசல்லே கெடக்கு” என்று தாத்தா பகுதிச் சேதம் என்றே எழுதச் சொன்னார். வீட்டில் சில நாள் யாரும் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவருடைய மகன், பழையதை விட்டுவிட்டுப் பங்கு போட்டு ஃபைபர் படகு வாங்கலாம் என்றார். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்துபோன பிறகு எங்கள் கரையில் ஃபைபர் படகுகளே பெருகிவிட்டன. மரத்தாலான கட்டுமரங்கள் அருகிவிட்டன. மகன் சொன்னதில் தவறில்லை என்றே நாங்களும் அப்போது நினைத்தோம். ஆனால் படகென்றால் இயந்திரம் வேண்டும். எண்ணெய்ச் செலவு வேறு. கடன் வாங்கத் தாத்தா உடன்படவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் பழுதுபார்க்கும் வேலை தொடங்கியது. நாங்கள் தினமும் போய்ப் பார்த்தோம். கயிறு பிடிக்கவும் செய்தோம்.

முதலில் மரங்களைக் காய வைத்தார். படகு மிதப்பது அதன் உட்குழிவினால். ஓட்டை விழுந்து நீர் புகுந்தால் முழுகிவிடும். கட்டுமரத்தில் நீர் புக இடமே இல்லை. அலை மேலே ஏறினாலும் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். நீரைவிட இலேசான மரம் என்பதால்தான் அது மிதக்கிறது. ஆகவே படகுக்குச் செய்வதுபோல் இடுக்கை அடைப்பதெல்லாம் இதற்கு வேண்டியதில்லை. மரம் நீரைக் குடித்துக் கனத்துவிடாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். தினமும் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து வெயிலில் போடுவது இதற்காகத்தான். (ஒன்பதாம் வகுப்பில் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நடத்தியபோது, இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்!) காய வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. நீரிலேயே கிடக்கும் மரத்தைக் கப்பல் புழு துளைக்கும். பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி.

சேற்றில் கிடந்த மரத்தைப் புழு அரித்திருக்குமோ என்று எங்களுக்குக் கவலை. தாத்தா வாச்சியின் பின்புறத்தால் மரம் நெடுகத் தட்டிக்கொண்டே போனார். உள்ளே அரித்திருந்தால் பொள்ளல் ஓசை கேட்குமாம். எங்கும் கேட்கவில்லை. முள் புதரிலிருந்து வந்த பக்க மரம் ஒன்று மட்டும் முனையில் இரண்டடி நீளத்துக்குப் பிளந்திருந்தது. பிளவைக் கயிறு போட்டு நெருக்கி, குறுக்கே துளையிட்டு இரண்டு மர ஆணிகளை அடித்து இறக்கினார். இரும்பாணி ஏன் கூடாது என்று கேட்டோம். உப்பு நீரில் துருப்பிடித்து, ஆணியும் போய்ச் சுற்றியுள்ள மரமும் கெட்டுவிடும் என்றார்.

காணாமற்போன ஐந்தாவது மரத்துக்கு எங்கே போவது? புது மரம் வாங்கப் பணமில்லை. ஃபைபர் படகுக்கு மாறிவிட்ட ஒருவரின் பழைய கட்டுமரத்திலிருந்து ஒரு பக்க மரம், தேநீர்க் கடை வாசலில் உட்காரும் இருக்கையாகக் கிடந்தது. கடைக்காரர் மாற்றாக ஒரு பலகை மட்டும் கேட்டார். தாத்தா அம்மரத்தை வாச்சியால் செதுக்கித் தம் மரத்தோடு பொருந்த வைத்தார்.

கட்டும் வேலைதான் பார்க்கப் பார்க்கச் சலிக்காதது. நடுமரம் சற்றுத் தாழவும், பக்க மரங்கள் படிப்படியாக உயரவும் அமைய வேண்டும். முன்னும் பின்னும் மேலே குறுக்குக் கட்டை வைத்து, கயிற்றை அடியில் கொடுத்து மேலே வாங்கி, காலால் மரத்தை உதைத்துக்கொண்டு இழுத்தார். அடிப்பக்கத்தில் கயிறு காடிக்குள் பதிந்துவிடுவதால், மணலில் இழுக்கும்போது தேய்ந்து அறுவதில்லை. இப்போது பலரும் நைலான் கயிற்றில் கட்டுகிறார்கள். தாத்தாவுக்குத் தேங்காய் நார்க் கயிறுதான். அது நனைந்தால் பருத்து, நீளம் குறுகி, கட்டு தானே இறுகும்.

பொங்கலுக்குப் பின் ஒரு சனிக்கிழமை கடலில் இறக்கிப் பார்த்தோம். மரம் இடப்பக்கமாகச் சாய்ந்தது! சேற்றில் கிடந்த மரம் இடப்பக்க ஓரம். இன்னும் ஈரம் வற்றாமல் கனத்தது. தேநீர்க் கடை மரம் வலப்பக்க ஓரம். ஆண்டுக் கணக்கில் காய்ந்தது, தக்கைபோல் மிதந்தது. வலப்பக்கம் ஒரு கல்லைக் கட்டினால் சரியாகிவிடும் என்று நாங்கள் யோசனை சொன்னோம்.

“கல்லைச் சுமந்தா மீனை எங்க வைக்கிறது, கண்ணு?” என்று தாத்தா சிரித்தார். மறுபடி பிரித்து, ஈர மரத்தை மட்டும் இன்னும் மூன்று வாரம் வெயிலில் போட்டார். அந்த மூன்று வாரமும் எங்கள் தோழியின் அம்மாதான் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, தெருத்தெருவாய் விற்றுக் குடும்பத்தை நடத்தினார். அந்தப் பருவத்துக் கட்டணத்தைத் தாமதமாகக் கட்ட எங்கள் அருட்சகோதரி அனுமதி தந்தார்கள்.

பிப்ரவரியில் மரம் நேராக மிதந்தது. தாத்தா விடியுமுன் போய், பத்து மணிக்குக் கரை திரும்பினார். ஒரு கூடை காரப்பொடியும் நான்கைந்து சங்கராவும் கிடைத்திருந்தன. மீனைக் கீழே இறக்கியதும் கட்டை அவிழ்த்தார். ஐந்து மரங்களையும் இம்முறை ஐந்து சவுக்கு மரங்களில் தனித்தனியே கட்டினார்.