பாட்டி கேட்ட அர்த்தம்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் 'லேடீஸ் ஸீட்' பார்க்காமல் திரும்புவதில்லை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி மேலே வந்த பிறகு, வந்த பாதையையே கீழே எட்டிப் பார்ப்பதில் நமக்கு ஒரு திருப்தி! அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் மாலை வேளைகளில் அங்கே வந்து உட்காருவாளாம். அதனால் வந்த பெயர் என்கிறார்கள்.

சென்ற கோடையில் நான் அங்கே நின்றபோது பக்கத்தில் ஒரு பாட்டியும் பேத்தியும். பேத்தி பலகையைப் படித்துச் சொன்னதும் பாட்டி கேட்டாள்: "ஏண்டி, பஸ்ஸிலே இருக்குமே, அது மாதிரியா? அப்போ ஆம்பிளைங்க எங்கே உட்காருவாங்க?"

"ஐயோ பாட்டி! டோண்ட் பி ரிடிகுலஸ்!"

பாட்டி என் பக்கம் திரும்பினாள். "அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"வேடிக்கையாகப் பேசாதீர்கள் என்கிறாள்" என்று பூசி மெழுகினேன்.

"அவள் முகம் அப்படிச் சொல்லவில்லையே!" என்றாள் பாட்டி.

பாட்டி சொன்னதுதான் சரி. லத்தீனில் சிரிப்பைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. லத்தீனில் அதற்கு நல்ல முகமும் உண்டு. சிரிக்க வைக்கும் விகடனையும் அப்படிச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ஏளனம் மட்டுமே தங்கிவிட்டது. அதன் சகோதரி 'ரிஸிபிள்' கதை இன்னும் விசித்திரம். முதலில் 'சிரிக்கத் தெரிந்த' என்று பொருள். மனிதன்தான் சிரிக்கத் தெரிந்த பிராணி என்பது பழைய ஐரோப்பியப் பண்டிதர்களின் வாதம். பிறகு அதுவே 'சிரிப்புக்கு இடமான' என்று திரும்பிக் கொண்டது! சிரித்தவரே சிரிப்புக்கு ஆளானார்.

கத்திரிக்காய் விலையை 'ரிடிகுலஸ்' என்று சொல்லுங்கள், கத்திரிக்காய் அழாது. மனிதரைப் பார்த்துச் சொன்னால், "உன் பேச்சு ஒரு பொருட்டே இல்லை" என்றாகிறது. 'ஃபன்னி' என்றிருந்தால் பாட்டியும் சேர்ந்து சிரித்திருப்பாள்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, அது பிறக்க நான்கு காரணங்கள் சொல்கிறார். எள்ளல் அவற்றில் ஒன்றுதான். குழந்தைத்தனமான இளமையும், பேதைமையும், மடமும் மற்ற மூன்று. பாட்டியின் கேள்வியில் இருந்தது இந்த மூன்றில் ஏதோ ஒன்று. பேத்தியின் பதிலில் இருந்ததுதான் எள்ளல்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றியது. மலையுச்சிக் குகைக் கோயிலில் இருக்கும் சாமியின் பெயர் சேர்வராயன். அந்தப் பெயர் வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் 'ஷெவராய்' ஆயிற்று. யாரும் 'ரிடிகுலஸ்' என்று சிரிக்கவில்லை. தேசப்படத்திலேயே அச்சடித்து விட்டார்கள்! 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பிச் செடி கொண்டு வந்தார். அந்தக் 'காஃபி'யை நாம் 'காப்பி' என்றால் மட்டும் பேத்திமார் முகம் சுளிக்க வேண்டுமா?

பேத்தியிடம் மெதுவாகச் சொன்னேன்: "பாட்டி கேட்டது தப்பில்லையம்மா. இங்கே 'ஜென்ட்ஸ் ஸீட்'டும் இருக்கிறது. கொஞ்ச தூரம் போனால் பார்க்கலாம்."

அவள் நாக்கைக் கடித்துக் கொண்டாள். பாட்டி விடவில்லை, நேரே அங்கே நடந்து போய்ச் சௌகரியமாக உட்கார்ந்து கொண்டாள்.

"கண்டக்டர் வந்து எழுப்ப மாட்டாரே?" என்றாள்.

இந்தத் தடவை பேத்திதான் முதலில் சிரித்தாள்.