நகர மன்றமும் அடுக்கு வீடுகளும்

‘வீட்டைக் கட்டிப் பார், திருமணம் செய்து பார்’ என்பது பழமொழி. ஒரு குடும்பம் தனக்கென ஒரு வீடு கட்டிக்கொள்வதே இத்துணைப் பாடுடையதாயின், முந்நூறு குடும்பங்கள் வாழ்வதற்கான வீடுகளை ஓரிடத்தில் கட்டுவது எளிதாகுமோ? அதற்குக் கல்லும் மணலும் பணமும் மட்டும் போதா. ஊரின் இசைவும் வேண்டும். அவ்விசைவை ஊரார் சார்பில் அளிக்கவோ மறுக்கவோ உரிமையுடையது நகர மன்றம். மன்றம் அத்தகைய திட்டத்தை எவ்வாறு ஆராய்கின்றது, யார் யார் சொல்லைக் கேட்கின்றது, எதை நிறுத்துப் பார்க்கின்றது என்பவற்றை அறிந்துகொள்வதற்கு, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லாஃபயெட் என்னும் சிறு நகரத்தின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

சான்பிரான்சிஸ்கோ பெருநகருக்குக் கிழக்கே ஏறத்தாழ இருபது மைல் தொலைவில், குன்றுகளுக்கிடையே அமைந்துள்ளது லாஃபயெட். அதன் மக்கள்தொகை ஏறக்குறைய 25,000. 1968ஆம் ஆண்டில் அது தனி நகரமாயிற்று. 1973இல் மின்சார இரயில் அவ்வூருக்கு வந்தது. பெருநகருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோர்க்கு அது மிகவும் ஏற்ற ஊராக விளங்கிற்று. ஊரின் பெரும்பகுதியில் தோட்டஞ் சூழ்ந்த தனி வீடுகளே உள்ளன. நகர மன்றத்தின் உறுப்பினர் ஐவர். அவர்களை ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர்.

அமெரிக்க நகரங்களில் ஒருவர் தமக்குரிய நிலத்தில் தாம் விரும்பியதையெல்லாம் கட்டிவிட இயலாது. நகரின் நிலம் முழுவதையும் பல பகுதிகளாகப் பிரித்து, இப்பகுதி வீடுகளுக்கு, இப்பகுதி கடைகளுக்கு, இப்பகுதி தொழிற்சாலைகளுக்கு என நகர மன்றம் விதி வகுத்துள்ளது. குடியிருப்புப் பகுதிகளிலும் ஒரு நிலத்திற்கு ஒரு வீடே கட்டலாம் என்னும் இடங்கள் மிகப் பல. ஒஹையோ மாநிலத்திலுள்ள யூக்ளிட் என்னும் ஊர் வகுத்த இத்தகைய விதிகளை 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தனி வீடுகள் உள்ள தெருவில் எழும் அடுக்கு வீட்டை அத்தீர்ப்பு ஓர் ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது. மரத்தின் சாற்றை உறிஞ்சிப் புல்லுருவி வளர்வதுபோல, தனி வீடுகள் உண்டாக்கிய காற்றையும் ஒளியையும் அமைதியையும் அடுக்கு வீடு உறிஞ்சிக்கொள்கிறது என்பது அதன் கருத்து. அக்கருத்து அந்நாட்டில் நெடுங்காலம் வேரூன்றி நின்றது.

2011ஆம் ஆண்டில் நிலத்தை மேம்படுத்தி வீடு கட்டும் நிறுவனம் ஒன்று லாஃபயெட் நகரத்திற்கு ஒரு விண்ணப்பம் அளித்தது. இரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில், நெடுஞ்சாலைக்கு அருகே, டீர் ஹில் சாலையில் 22 ஏக்கர் நிலம் இருந்தது. அந்நிலத்தில் 315 அடுக்கு வீடுகள் கட்ட அனுமதி வேண்டும் என்பதே விண்ணப்பம். அந்நாளில் அந்நிலத்திற்குரிய விதி, தனி அனுமதி பெற்று அடுக்கு வீடு கட்ட இடந்தந்தது.

இத்தகைய விண்ணப்பம் வந்தவுடன் மன்றம் முடிவு கூறிவிடுவதில்லை. அது பல படிகளைக் கடந்து செல்கிறது. முதற்கண் நகர அலுவலர்கள் வரைபடங்களைப் பார்வையிடுகின்றனர். கட்டடத்தின் உயரம், வீடுகளின் எண்ணிக்கை, சாலைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி, குடிநீர், கழிவுநீர், வண்டிகள் நிற்கும் இடம், தீயணைக்கும் வண்டி நுழையும் வழி ஆகிய ஒவ்வொன்றையும் விதிகளோடு ஒப்பிடுகின்றனர். அடுத்து, 1970இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தின்படி, அத்திட்டத்தால் மரங்களுக்கும் நீரோடைகளுக்கும் காற்றுக்கும் போக்குவரத்துக்கும் நேரக்கூடிய கேடுகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை ஆயத்தம் செய்யப்படுகிறது. பின்னர்த் திட்டக் குழு அதனை ஆராய்ந்து தன் கருத்தை வெளியிடுகிறது. இறுதியாகவே அது மன்றத்தின் முன் வருகிறது.

மன்றத்தின் கூட்டங்கள் மறைவில் நடைபெறுவன அல்ல. கலிபோர்னியாவில் 1953ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஊராட்சி அவைகள் கதவு திறந்தே கூட வேண்டும் என்று விதித்துள்ளது. வழக்கமான கூட்டத்தில் எவை ஆராயப்படும் என்பதை 72 மணி நேரத்திற்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். கூட்டத்திற்கு வருவோர் பேச விரும்பினால் அவர்க்கு வாய்ப்பளித்தல் வேண்டும். பெருஞ்செல்வரானாலும் எளியவரானாலும் எழுந்து நின்று, அளந்து தரப்படும் சில நிமிடங்களில் தம் கருத்தைக் கூறலாம். குடியாட்சியின் அழகு இங்கே விளங்குகிறது.

லாஃபயெட்டில் எதிர்ப்பு வலுவாக எழுந்தது. முன்னரே நெரிசல் மிகுந்த சாலைகளில் இன்னும் பல நூறு வண்டிகள் சேரும்; பள்ளிகளில் இடம் போதாது; குன்றின் எழில் மறையும்; சிற்றூரின் தன்மை கெடும் என்று மக்கள் கூறினர். இவற்றையெல்லாம் வெறும் பொறாமைச் சொற்கள் என்று ஒதுக்கிவிடலாகாது. தாம் வாழும் இடத்தின்மீது பற்றுக் கொள்வது மனித இயல்பு. சாலையில் நெரிசல் மிகுந்தால் துன்புறுவோர் அவ்வூராரே. ஆதலின் அவர்கள் சொல்லுக்குச் செவிசாய்ப்பது மன்றத்தின் கடமையாயிற்று.

ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வேலைகள் பெருகிய அளவுக்கு வீடுகள் பெருகவில்லை. வேண்டுவோர் பலராகவும் வீடுகள் சிலவாகவும் இருந்தமையால் விலையும் வாடகையும் உயர்ந்துகொண்டே சென்றன. குழந்தைகளுக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியரும், நோயாளரைப் பேணும் செவிலியரும், கடையில் பணிபுரிவோரும் தாம் உழைக்கும் ஊரிலேயே குடியிருக்க இயலாமல், தொலைவிலிருந்து நாள்தோறும் வந்து செல்லும் நிலை உண்டாயிற்று. இரயில் நிலையத்தின் அருகே வீடுகள் அமைந்தால் சாலையில் வண்டிகளும் குறையும் என்று திட்டத்தை ஆதரித்தோர் எடுத்துரைத்தனர்.

இவ்விரண்டுக்கும் இடையே மன்றம் ஒரு நடுவழி தேடிற்று. நகர மேலாளராக இருந்த ஸ்டீவன் ஃபாக் என்பவர் இம்முயற்சியில் முன்னின்றார். 315 அடுக்கு வீடுகளுக்கு மாறாக 44 தனி வீடுகளும், விளையாட்டுத் திடலும், பூங்காவும் அமைப்பது என்று 2014இல் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. முதல் விண்ணப்பம் அதுவரை நிறுத்தி வைக்கப்பட்டதேயன்றித் திரும்பப் பெறப்படவில்லை. 2015இல் மன்றம் புதிய திட்டத்திற்கு இசைவளித்தது.

நடுவழி எவரையும் நிறைவுறச் செய்யவில்லை. வாடகை வீடுகளில் வாழ்வோர்க்காகப் பாடுபட்ட சங்கம் ஒன்று, வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்தது தவறு என்று நீதிமன்றஞ் சென்றது. மறுபுறம், 44 வீடுகளும் மிகுதியே என்று எண்ணிய ஊரார், பொது வாக்கெடுப்பு நடத்துமாறு கையொப்பங்கள் திரட்டினர். வழக்குக்குப் பின் 2018 ஜூன் திங்களில் வாக்கெடுப்பு நடைபெற்றது. 44 வீடுகளுக்கு அடிப்படையான மன்றத்தின் முடிவை வாக்காளர் தள்ளுபடி செய்தனர். ஆயினும் விளைவு அவர்கள் எதிர்பார்த்தபடி அமையவில்லை. சிறிய திட்டம் வீழ்ந்ததும், நிறுவனம் உறங்கிக் கிடந்த 315 வீட்டுத் திட்டத்தை மீண்டும் எழுப்பிற்று.

இவ்விடத்தில் மாநிலச் சட்டம் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். ஒவ்வோர் ஊரும் புதிய வீடுகளை மறுத்துக்கொண்டே இருந்தால் மாநிலம் முழுவதும் வீட்டுப் பஞ்சம் ஏற்படும் என்பதை உணர்ந்த கலிபோர்னியாச் சட்டமன்றம், 1982இல் வீட்டுவசதிப் பொறுப்புச் சட்டத்தை இயற்றியது. பின்னர் அதனைப் பன்முறை வலுப்படுத்தியது. நகரம் முன்னரே எழுதிவைத்த விதிகளுக்குப் பொருந்திய வீட்டுத் திட்டத்தை மன்றம் தன் விருப்பம்போல் மறுக்கவோ, அதன் வீடுகளைக் குறைக்கவோ முடியாது. மக்களின் உடல்நலத்திற்கோ பாதுகாப்பிற்கோ திட்டவட்டமான பெருங்கேடு விளையும் என்றும், அதனைத் தவிர்க்க வேறு வழியில்லை என்றும் சான்றுகளோடு எழுதிக் காட்டினாலன்றி மறுப்புச் செல்லாது. ‘காட்சி கெடும்’, ‘ஊரின் தன்மை மாறும்’ என்னும் சொற்கள் மட்டும் போதா. விதியை வகுக்கும் உரிமை மன்றத்திற்கு உண்டு. வகுத்த விதியை மன்றமும் மதித்தல் வேண்டும் என்பதே இச்சட்டத்தின் உட்கருத்து.

2018ஆம் ஆண்டிலேயே ஃபாக் தம் பதவியினின்றும் விலகினார். இரயில் நிலையங்களுக்கு அருகே வீடுகள் அமைவதை எதிர்க்கும் நகரத்தின் நிலையை எடுத்துரைக்கத் தம் மனச்சான்று இடந்தரவில்லை என்பதை அவர் தம் விலகல் கடிதத்தில் தெரிவித்தார். இருபதாண்டுகளுக்கு மேலாக அந்நகரத்தின் நிருவாகத்தை நடத்திய ஒருவர் இவ்வாறு விலகியது பலரையும் சிந்திக்கச் செய்தது.

2020 ஆகஸ்டுத் திங்களில் மன்றம் 315 வீடுகளுக்கு இசைவளித்தது. ஐந்தில் ஒரு பங்கு வீடுகள் குறைந்த வருவாயுடையோர்க்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது திட்டத்தின் பகுதியாக இருந்தது. எதிர்த்தோர் மீண்டும் வழக்காடினர். இடைக்காலத்தில் நிலத்திற்குரிய விதிகள் மாறிவிட்டமையால் இத்திட்டம் செல்லாது என்பது அவர்கள் வாதங்களுள் ஒன்று. 2022 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், விண்ணப்பம் முழுமையுற்ற 2011ஆம் ஆண்டில் இருந்த விதிகளே பொருந்தும் எனக் கொண்டு, மன்றத்தின் இசைவு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

விண்ணப்பத்திற்கும் இத்தீர்ப்பிற்கும் இடையே கழிந்தவை பதினோர் ஆண்டுகள். 2011இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை 2022இல் பள்ளியின் இறுதி வகுப்பை எட்டியிருக்கும். அவ்வளவு காலமும் அந்நிலத்தில் ஒரு குடும்பமும் குடிபுகவில்லை.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை ஊன்றி நோக்கத்தக்கது. மன்றத்தில் எழுந்து பேசியவர்களுள் பெரும்பாலோர் ஏற்கெனவே வீடு பெற்றிருந்தவர்கள். அவர்களுக்கு முகமும் பெயரும் இருந்தன, வாக்கும் இருந்தது. இனிமேல் குடிவர வேண்டிய முந்நூறு குடும்பங்களோ அக்கூட்டத்தில் இல்லை. தாம் அங்கே வாழப் போகிறோம் என்பதை அவர்களே அறியார். வேற்றூரார் மன்றத்திற்கு வந்து பேசலாம்; ஆயினும் அவர்களுக்கு அவ்வூரில் வாக்கில்லை. அவர்கள் உள்ளே வர வேண்டுமா என்பதை, முன்னரே உள்ளே இருப்பவர்கள் முடிவு செய்கின்றனர். இதுவே நகர மன்றம் எதிர்நோக்கும் இடர்களுள் பெரியது.

இந்நிலையை உணர்ந்த ஊர்கள் தம் போக்கை மாற்றிக்கொண்டதும் உண்டு. லாஃபயெட்டுக்கு மேற்கே குன்றுகளுக்கு அப்பால் உள்ள பெர்க்லி நகரம், 1916லேயே தனி வீடுகளுக்கு மட்டும் உரிய பகுதிகளை வகுத்த முன்னோடி நகரங்களுள் ஒன்று. அந்நகர மன்றமே 2021இல், அவ்வழக்கத்தைக் கைவிட விழைவதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

இருப்பவர் குரலைக் கேட்பது மன்றத்தின் முதற்கடமை. சாலையும் பள்ளியும் நீரும் நெருக்கடிக்குள்ளாகாமல் காப்பதும் அதன் கடமையே. ஆனால் அவையில் வெறுமையாகக் கிடக்கும் இருக்கைகளையும் அது நோக்குதல் வேண்டும். இன்று மன்றத்தில் எழுந்து பேசும் ஒவ்வொருவரும் என்றோ ஒருநாள், தாமோ தம் முன்னோரோ, அவ்வூருக்குப் புதியவராய் வந்து சேர்ந்தவரே. அவர்களுக்கு அன்று கதவு திறந்திருந்தது. அக்கதவைப் பின்வருவோர்க்கும் திறந்து வைக்கும் மன்றமே நல்ல நகர மன்றமாகும்.