பதினோரு மாதம் மட்டும்

தாயோ தந்தையோ இறந்துவிட்டால் யூத மகன் நாள்தோறும் ஜெப ஆலயத்தில் ‘கடிஷ்’ சொல்கிறான். பல சபைகளில் இன்று மகள்களும் சொல்கிறார்கள். தனியாகச் சொல்ல முடியாது. பத்துப் பேராவது கூட வேண்டும். பெரும்பாலும் அரமேய மொழியில் உள்ள அந்தப் பிரார்த்தனையில் சாவு என்ற சொல்லே வராது. மிகுதியும் இறைவனின் புகழ்தான். 11 மாதம் ஆனதும் பெரும்பாலோர் நிறுத்திவிடுவார்கள். ஓராண்டு நிறையும் முன்பே ஏன் நிறுத்த வேண்டும்? விடை, நரகத்தைப் பற்றிய யூத நம்பிக்கையில் இருக்கிறது.

எபிரேய வேதத்தின் பழைய பகுதிகளில் சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை. ‘ஷியோல்’தான் உண்டு. தமிழ் வேதாகமம் அதைப் பாதாளம் என்கிறது. இருளும் மௌனமும் நிறைந்த இடம். நல்லவர், கெட்டவர் எல்லோருக்கும் அதுவே கதி. யோசேப்பை மிருகம் தின்றுவிட்டதாக நம்பி அழுத யாக்கோபும், மகனைத் தேடி அங்கேதான் இறங்கப் போவதாகச் சொன்னார்.

தண்டனைக்கான இடம் பிறகு வந்தது. அதன் பெயர் எருசலேம் பழைய நகரை ஒட்டிய இன்னோம் பள்ளத்தாக்கிலிருந்து பிறந்தது. அங்கே ஒரு காலத்தில் சிலர் பெற்ற பிள்ளைகளையே தீயில் பலி கொடுத்தார்கள். ஆகாஸ், மனாசே என்ற யூதா அரசர்களும் அதைச் செய்தார்கள் என்கிறது வேதம். எரேமியா தீர்க்கதரிசி அந்த மண்ணைச் சபித்தார். அதன் எபிரேயப் பெயரான ‘கெ இன்னோம்’ நரகத்தின் பெயரானது. நம் ஊர் முஸ்லிம்கள் சொல்லும் ‘ஜஹன்னம்’ வருவதும் அந்த வேரிலிருந்துதான். இன்று அந்தப் பள்ளத்தாக்கில் புல்லும் மரங்களும் வளர்ந்திருக்கின்றன.

ஆனால், அந்த நரகத்துக்கு ஒரு கெடு உண்டு. பாவிகளுக்கு அங்கே தண்டனை 12 மாதம் என்று ரபி (யூத மதகுரு) அகிவா சொன்னதாக மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு பதிவு செய்கிறது. மிகக் கொடியவர் சிலருக்கு மட்டும் விதிவிலக்கு. பிள்ளை சொல்லும் கடிஷ் பெற்றவரின் ஆன்மாவுக்கு உதவும் என்ற நம்பிக்கை பிற்காலத்தில் வேரூன்றியது. அப்படியானால் முழு 12 மாதமும் சொன்னால், ‘என் அப்பா பாவி’ என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாகிவிடாதா? அதனால்தான் ஒரு மாதத்தைக் குறைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராகோவ் நகரில் வாழ்ந்த ரபி மோசே இசர்லெஸ் இந்த வழக்கத்தை எழுதிவைத்தார். நரகத்தைப் பற்றி மனிதர்கள் போட்ட கணக்குகளில் இவ்வளவு கனிவான ஒன்றை நான் படித்ததில்லை.

பன்னிரண்டாம் மாதம் அந்த மகன் ஆலயத்துக்கு வந்தால், அந்தப் பத்துப் பேரில் ஒருவனாக நின்று, வேறு யாரோ தம் தாய்க்காகச் சொல்லும் கடிஷுக்கு ‘ஆமென்’ சொல்கிறான்.