நண்பகல் மணியும் பெல்கிரேடு கோட்டையும்



மறைக்கல்வி வகுப்பில் சிறுவன் ஒருவன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டான். "ஃபாதர், மதியம் 12 மணிக்குக் கோவில் மணி அடிப்பது துருக்கியரைப் போரில் தோற்கடித்ததற்காகவாமே? அப்படியென்றால் அது முஸ்லிம்களுக்கு எதிரான மணியா?" அவனுடைய பக்கத்து வீட்டு நண்பன் ஓர் இஸ்லாமியச் சிறுவன். கேள்வி எங்கிருந்து வந்தது என்பது நமக்குப் புரிந்தது. அவன் கேள்விப்பட்டது பாதி சரி, பாதி தவறு.

மூவேளை செபத்தின் மூன்று மணிகளும் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. மாலை மணி முதலில் வந்தது, காலை மணி அடுத்து வந்தது. நண்பகலில் சில இடங்களில் மட்டும், ஆண்டவரின் பாடுகளை நினைத்து, வெள்ளிக்கிழமைகளில் மணி அடித்தார்கள். இந்த நிலையில்தான் 1453-ஆம் ஆண்டு மே 29 அன்று கான்ஸ்டாண்டிநோபிள் நகரம் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் முகமதுவிடம் வீழ்ந்தது. மூன்றாண்டுகள் கழித்து அவருடைய படை, ஹங்கேரி நாட்டின் வாசலாக விளங்கிய பெல்கிரேடு கோட்டையை நோக்கிப் புறப்பட்டது.

அப்போது திருத்தந்தையாக இருந்தவர் மூன்றாம் கலிஸ்து. 1456-ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று அவர் ஓர் ஆணை வெளியிட்டார். பிற்பகலில் மாலைப் புகழ்மாலைக்கு முன்பாக ஆலய மணிகள் ஒலிக்க வேண்டும். அதைக் கேட்போர் கர்த்தர் கற்பித்த செபத்தையும் மங்கள வார்த்தை செபத்தையும் மும்முறை சொல்ல வேண்டும் என்பதே அது. பிற்காலத்தில் இந்த வழக்கம் நண்பகலுக்கு மாறி நிலைபெற்றது.

தேதியைக் கவனியுங்கள். பெல்கிரேடில் வெற்றி கிடைத்தது ஜூலை 22 அன்று. ஆணையோ அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. எனவே அது வெற்றி மணி அல்ல. அச்சத்தில் இருந்தவர்களின் மன்றாட்டு மணி. பல ஊர்களுக்கு ஆணை போய்ச் சேர்வதற்குள் வெற்றிச் செய்தியும் வந்துவிட்டதால் மக்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் கொண்டார்கள். உரோமைக்குச் செய்தி எட்டிய நாள் ஆகஸ்ட் 6. கீழைத் திருஅவை நெடுங்காலமாகக் கொண்டாடி வந்த ஆண்டவரின் உருமாற்ற விழாவை, அதன் நினைவாக 1457-இல் திருத்தந்தை அனைத்துலகத் திருஅவைக்கும் உரியதாக்கினார்.

அந்தப் போரில் நின்றவர்கள் யார்? ஹங்கேரியின் பெருங்குடிமக்களில் பெரும்பாலோர் வரவில்லை. மன்னர் வியன்னாவுக்குப் போய்விட்டார். தளபதி யோவான் ஹுன்யாடி தம் படையோடு வந்தார். அவரோடு பிரான்சிஸ்கன் சபைத் துறவி, 70 வயதான கபிஸ்த்ரானோ நகர் யோவான், அரிவாளும் கவணும் ஏந்திய குடியானவர்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். தங்கள் ஊரைக் காக்க வந்த ஏழைகள் அவர்கள்.

ஆனால் இத்துடன் நிறுத்தினால் நாம் பாதி உண்மையையே சொன்னவர்களாவோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1444-இல், சுல்தான் இரண்டாம் முராத்துடன் பத்தாண்டு அமைதி உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டது. போலந்துக்கும் ஹங்கேரிக்கும் மன்னராயிருந்த மூன்றாம் விளாடிஸ்லாவுக்கு அப்போது வயது 19. மை காய்வதற்குள், திருத்தந்தையின் தூதரான கர்தினால் ஜூலியானோ செசாரினி, அந்த ஆணை கிறிஸ்தவ மன்னரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி அவரை அதிலிருந்து விடுவித்தார். படை கிளம்பியது. நவம்பர் 10 அன்று கருங்கடல் ஓரத்தில் வர்னா என்னுமிடத்தில் மன்னர் கொல்லப்பட்டார்; கர்தினாலும் திரும்பி வரவில்லை. ஹுன்யாடி தப்பினார்.

கிபயோனியர் யோசுவாவை ஏமாற்றித்தான் உடன்படிக்கை பெற்றார்கள். ஆனாலும் இஸ்ரயேல் தலைவர்கள், ஆண்டவர் பெயரால் ஆணையிட்டுவிட்டோம், இனி அவர்களைத் தொடமுடியாது என்றார்கள் (யோசு 9). பிற்காலத்தில் சவுல் அதை மீறியதன் விளைவாக நாட்டில் பஞ்சம் வந்தது (2 சாமு 21). கர்தினால் செசாரினி கல்வியில் சிறந்தவர், விவிலியத்தை நம்மைவிட நன்கு அறிந்தவர். பிற மதத்தவருக்குக் கொடுத்த வாக்கு வாக்கே அல்ல என்று அவரால் எப்படிச் சொல்ல முடிந்தது என்பது, குருவாகிய நம்மை இன்றும் உறுத்துகிறது.

கபிஸ்த்ரானோ யோவானைத் திருஅவை புனிதராக வணங்குகிறது. அக்டோபர் 23 அவர் திருநாள். ஆனால் 1453-இல் பிரெஸ்லாவு நகரில் அவர் முன்னின்று நடத்திய விசாரணையின் முடிவில் யூதர்கள் பலர் உயிரோடு எரிக்கப்பட்டதையும் வரலாறு பதிவு செய்திருக்கிறது. புனிதர் என்பதால் இதை மூடி மறைக்க நமக்கு உரிமை இல்லை.

சிறுவனுக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: மணி யாருக்கும் எதிரானது அல்ல. அந்த மணிக்கு நாம் சொல்லும் செபத்தில் வானதூதரும் மரியாவும் இருக்கிறார்கள். எதிரி என்று எவரும் இல்லை. அவன் விடவில்லை. "அந்தக் குடியானவர்கள் என்ன ஆனார்கள் ஃபாதர்?" என்றான். முகாமில் கொள்ளைநோய் பரவியது. ஹுன்யாடி ஆகஸ்ட் 11 அன்று இறந்தார், யோவான் அக்டோபர் 23 அன்று. பெல்கிரேடு 1521-இல் சுல்தான் சுலைமானிடம் வீழ்ந்தது. வர்னாவைப் பற்றி அன்று வகுப்பில் சொல்ல நேரம் போதவில்லை; வருகிற ஞாயிறு சொல்ல இருக்கிறோம்.